கோட்டைக் கணக்கு

கோட்டை என்றால் இருபத்தோரு மரக்கால்.
களத்தில் அளந்து குவித்து
உச்சியில் சாணிப்பால் தெளித்து வைப்போம்.
தாழக்குடி மடைக்காரனுக்கு
அதைத் தவிர வேறு கோட்டை தெரியாது.

மார்கழி முடிவில் பறை வந்தது.
கட்டாயமில்லை, மனமிருந்தால் வரலாம் என்றான்.
மண்வெட்டியைத் தம்பி தாணுலிங்கத்திடம் கொடுத்தேன்.
ஏன் போனேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன்.
எதுவும் பொய்யில்லை.

முதல் பதினெட்டு நாள் வட்டக்கோட்டை.
மூன்று பக்கமும் கடல்,
எதிரி நாலாவது பக்கம் வருவான் என்றார்கள்.
வந்தது சாளை.
சின்னமுட்டத்து சூசை மிக்கேல்
மதிலில் ஏறி நின்று கட்டுமரத்துக்குக் கை காட்டுவான்,
கூடை நிறைய ஏறி வரும்.
சம்பளப் பட்டாளம் எங்களைப் பார்த்துச் சிரிக்கும்:
கூலியில்லாமல் சாக வந்த கூட்டம்.
மிக்கேல் முள்ளை உறிஞ்சிக்கொண்டே சொல்வான்,
'சாகிறதுக்குக் கூலி வாங்கினா
அதை எங்க வே கொண்டுபோய்ச் செலவழிக்க?'

பிறகு ஆரல்வாய்மொழி.
மதிலோரமாகவே ஓர் இரவு நடை.
எனக்குக் கிடைத்த துப்பாக்கியில் குதிரை உடைந்திருந்தது,
மருந்து கெட்டிக்கிற கம்பி மட்டும் புத்தம் புதுசு.

விடிந்ததும் மதிலைப் பார்த்தேன்.
மண்ணும் கல்லும், முன்னால் கள்ளி.
நல்ல கரைதான்.
ஆனால் கரை உடைவது
அலை அடிக்கிற இடத்தில் இல்லை,
எலி வங்கு போட்ட இடத்தில்.
தெற்குக் கடைசியில் மதில் போய்ப் பாறையில் ஒட்டுகிறது,
பாறையில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது.
சுபேதார் கொச்சுகிருஷ்ணனிடம் சொன்னேன்.
'ஆடு ஏறும். பீரங்கி ஏறுமோ?'
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்கூடக் கொஞ்சம் சிரித்தேன்,
அதைத்தான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மிக்கேல் சிரிக்கவில்லை.
தேங்காய்ச் சிரட்டை பொறுக்கி, ஓட்டை போட்டு,
கள்ளியிலிருந்து பாறை வரை
வலைக்கயிற்றில் கோர்த்துக் கட்டினான்.
ஆள் தொட்டால் கலகலக்கும்.
தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி திரும்பிப் பார்த்தான்.

கணவாய்க் காற்றை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.
முதல் ராத்திரி நாலு தடவை எழுந்து ஓடினோம்.
இரண்டாம் ராத்திரி ஒரு தடவை.
மூன்றாம் ராத்திரி
'காற்றுதான், படு' என்றேன் நான்.
'ஒரு எட்டு பார்த்துட்டு வாறேன்' என்று போனான் அவன்.

பீரங்கிகள் எல்லாம் கிழக்கைப் பார்த்து நின்றன.
வெடி தெற்கே கேட்டது,
அதுவும் தலைக்கு மேலே.
விடிகிறபோது மதில் முழுசாக இருந்தது,
ஒரு கல் பெயரவில்லை.
உள்ளே நாங்கள்தான் இல்லை.

தோவாளை வழியாக ஓடி வந்தேன்.
வயலில் கும்பப்பூ சாய்ந்து கிடந்தது.
தம்பி நன்றாகத்தான் பாய்ச்சியிருந்தான்.
அறுத்தோம், அளந்தோம்.
அளவு பார்க்க வந்தவன் புதியவன்,
அவனுக்கும் கோட்டைக்கு இருபத்தோரு மரக்கால்தான்.
'கோட்டை விட்டவன்' என்று
ஊரில் எனக்குப் பெயர் விழுந்தது.
கேலி பழகிவிட்டது,
சிலசமயம் கூப்பிடாமலே திரும்பிப் பார்க்கிறேன்.

துப்பாக்கியைப் பழையாற்றில் போட்டாயிற்று.
கம்பியைப் போடவில்லை.
குளத்துக்கரையில் குத்திப் பார்த்து
எலி வங்கு தேட
அதைப்போல ஒன்று கிடையாது.

நேற்று கடற்கரையிலிருந்து ஒருத்தி
சாளை கொண்டுவந்தாள், நெல்லுக்கு மாற்ற.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
மடியிலிருந்து சிரட்டையை எடுத்து,
'எத்தனை சிரட்டை போடுவீரு?' என்றாள்.
அவளையே அளந்துகொள்ளச் சொல்லிவிட்டு
மடைப்பக்கம் நடந்தேன்.